இரு சக்கர வாகனப் பயணமும் உயிர்ப் பாதுகாப்பும்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் சுமார் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். மாண்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டோர். உழைத்து ஈட்டும் பருவத்தில் ஒருவரை இழக்கும் குடும்பம், வருவாயையும் சேமிப்பையும் ஒருங்கே இழக்கிறது. பிள்ளைகளின் கல்வியும் தடைப்படுகிறது.

விபத்தின் கடுமையைப் பெரிதும் நிர்ணயிப்பது வேகமே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை இயக்குவதற்குள்ளேயே இத்தூரம் கழிந்துவிடலாம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். ஈரமான சாலையில் இது மேலும் நீளும்.

தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. ஆயினும் 2022-இல் கவசமின்றி மாண்ட 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றோர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, சில விலக்குகளுக்கு உட்பட்டு, இருவருக்குமே கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. தாடைப்பட்டை பூட்டப்படாத கவசம் மோதலின்போது கழன்றுவிடும். எனவே, ஓட்டுநரிடம் அபராதம் வசூலிப்பதோடு நிர்வாகத்தின் கடமை முடிவதில்லை. பின்னிருப்போரும் தரமான கவசத்தை முறையாக அணிவதை உறுதி செய்தல் வேண்டும்.