மலைப்பாதை ஜீப்புக்குப் பட்டையும் ஸ்டீயரிங்கும்: எதை முதலில் கவனிப்பது?

பனமரத்துப்பட்டியைச் சுற்றிச் சமவெளியில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஜீப் அவசியமில்லை. அரளிப் பூவையும் சம்பங்கியையும் சேலம் மார்க்கெட்டில் கொண்டு சேர்க்க மொபெட்டும் ‘குட்டி யானை’யும் போதும். ஆனால் ஜருகுமலையிலும் அதன் அடிவாரத்திலும் பூமி உள்ளவர்கள், கரட்டோரக் காட்டில் மரவள்ளி போட்டிருப்பவர்கள், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போய் வருபவர்கள் ஆகியோர் நிலை வேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால்தான் மழைக்காலத்தில் விளைச்சல் கீழே இறங்கும். புது வண்டிக்கு வசதியில்லாதவர்கள் பழைய மகிந்திரா ஜீப்பைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குவதும் உண்டு.

வாங்கிய மறு வாரமே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டையை உயர்த்து என்பார் ஒருவர். அகல டயர் போடு, பவர் ஸ்டீயரிங் மாட்டு என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுச் செலவு செய்தால் ஒரு போகத்து வருமானம் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சரியாக இருந்த வண்டி சுமையோடு மலை இறங்கும்போது கைக்கு அடங்காமல் போவது. ஆகவே செலவை எந்த வரிசையில் செய்வது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஜீப்பின் அமைப்பு மிகவும் பழையது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனத்தார் 1949-ல் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். ராணுவத்தில் அதற்குக் ‘கால் டன் வண்டி’ என்றே பெயர். முன்னும் பின்னும் ஒரே இரும்புத் துண்டாக ஆக்சில், அதோடு பிணைத்த ஸ்பிரிங் பட்டை, பட்டையின் ஒரு முனை சட்டத்தில் பின் போட்டும் மறுமுனை ஆடும் ஷாக்கிளிலும் மாட்டியிருக்கும். அவ்வளவுதான். 50 கிலோ மூட்டை பத்தும் நாலு ஆளும் ஏறினால் முக்கால் டன் ஆகிறது. பட்டை தளர்ந்துவிட்டது என்று வருத்தப்படும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டீயரிங்தான், பட்டை அல்ல. பட்டை தளர்ந்தால் வண்டி தூக்கிப் போடும். ஸ்டீயரிங் தளர்ந்தால் வண்டி பள்ளத்துக்குப் போகும்.

மல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், ஏற்கெனவே பட்டை உயர்த்தப்பட்ட ஜீப் ஒன்றை வாங்கினார். தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகம் வந்ததும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடி, ஸ்டீயரிங் கையை உதறும். பட்டறையில் ஸ்டீயரிங் டேம்பர் என்ற ஒன்றை மாட்டினார்கள். அது ஷாக் அப்சார்பர் போல ராடின் ஆட்டத்தை அடக்குவது. இரண்டு மாதம் சரியாக இருந்தது. பிறகு பழைய ஆட்டம் இரட்டிப்பாக வந்தது. அவிழ்த்துப் பார்த்தபோது ஒரு பக்கக் கிங் பின் பேரிங் உதிர்ந்திருந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு உடைந்த காலோடு நடந்த கதைதான். பேரிங்குக்கும் ஷிம் தகட்டுக்கும் ஆன செலவு டேம்பர் விலையைவிட அதிகமில்லை.

இந்தச் சோதனையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். செங்கல் அடுக்குவது கூடவே கூடாது. பாரத்தில் செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை சக்கரப் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டவும். அப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகள் தேய்ந்திருக்கும். பிறகு சக்கரங்களை இறக்கி, ஸ்டீயரிங்கைப் பையன் ஒருவன் இலேசாக இடவலமாகத் திருப்ப, நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்கவும். ஒரு ராடு அசைந்து அடுத்தது அசையத் தாமதித்தால் அந்த மூட்டுத்தான் குற்றவாளி. பழைய ஜீப்புகளில் முன் ஆக்சில் நடுவே திரும்பும் பெல் கிராங்க் ஒன்று உண்டு. பலரும் மறந்துவிடுவது அதன் புஷ்ஷைத்தான்.

தேய்ந்தவற்றை அதே அளவில் மாற்றி, முன்சக்கரங்களின் டோ-இன் அளவையும் சரி செய்த பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் செலவு தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

இனி, பட்டையை உயர்த்துவது. கல்லில் அடிபடாமல் இருக்க வண்டியை உயர்த்த வேண்டும் என்கிறார்கள். இங்கே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஜீப்பின் வயிற்றில் முதலில் கல் இடிப்பது ஆக்சில் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல். அது ஆக்சிலோடு சேர்ந்தது. பட்டையை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் சட்டமும் பாடியும்தான் உயரும். டிஃபரன்ஷியல் தரையிலிருந்து பழைய உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்துவது டயரின் விட்டம் ஒன்றுதான். நமது கரட்டுப் பாதைகளில் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை விடுவது என்று தெரிந்த டிரைவர் இரண்டு அங்குல உயரத்துக்குச் சமம்.

உயர்த்துவதால் வரும் நஷ்டத்தையும் பார்ப்போம். அந்தப் பழைய ஜீப்பில் இடது வலது சக்கரங்களின் இடைவெளி சுமார் 124 சென்டிமீட்டர். சுமை ஏற்றிய வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி சுமார் 34 டிகிரி பக்கச் சரிவில் கவிழும். மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 32 டிகிரிக்குள் வந்துவிடும். இது நின்ற வண்டிக்கு. வளைவில் திரும்பும்போதும், கீழ்ப்பக்கப் பட்டை அமுங்கும்போதும், சக்கரம் கல்லில் ஏறும்போதும் இன்னும் குறையும். மூட்டையை மேலே மேலே அடுக்குகிறவர்கள் வண்டியையும் உயர்த்துவது இரட்டைத் தவறு.

நீளமான ஷாக்கிள் போட்டு உயர்த்துவது மலிவு என்பதால் பலர் அதைச் செய்கிறார்கள். இதனால் ஸ்டீயரிங் கெடும் காரணத்தைச் சைக்கிளை வைத்து விளக்கலாம். சைக்கிளின் முன் தண்டு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே சக்கரம் தரையைத் தொடும் இடம், அந்தச் சாய்வுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் விழுகிறது. சக்கரம் தானாக நேராகப் பின்தொடர்ந்து வருகிறது. கையை விட்டு ஓட்ட முடிவது இதனால்தான். ஜீப்பின் கிங் பின்னுக்கும் இந்தச் சாய்வு உண்டு; கேஸ்டர் என்பார்கள். பழைய வில்லிஸ் ஜீப்பில் அது 3 டிகிரி மட்டுமே. முன் பட்டையின் முன்முனையில் ஷாக்கிள் உள்ள வண்டிகளில் ஷாக்கிளை நீட்டினால் ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்து, இருக்கும் 3 டிகிரியும் குறைகிறது. பிறகு வண்டி ரோட்டில் அலையும். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. ஏற்கெனவே உயர்த்திய வண்டியை வாங்கியவர்கள், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கேஸ்டரைச் சரி செய்யலாம். அளவுகோல் வைத்துப் பார்க்காமல் கண் மதிப்பில் ஆப்பு வைக்கக் கூடாது.

உயர்த்துவது வேறு, தளர்ந்த பட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு. இரண்டாவது அவசியமானது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் பட்டை வேலை தெரிந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய பட்டையை அடித்து வளைத்துக் கொடுப்பது மலிவு. ஆனால் சில மாதங்களில் மீண்டும் தளர்ந்துவிடும். உலையில் காய்ச்சி வளைத்து, முறைப்படி பதம் ஏற்றாமல் விட்டால் ஒன்று மெழுகாக வளையும், அல்லது கண்ணாடிபோல் ஒடியும். விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டுவது எவ்வளவு அவசரமானாலும் கூடாது. ஸ்டீயரிங் ராடுகளுக்கும் இதே விதிதான்.

புதுப் பட்டை போடும்போது எத்தனை பட்டை என்பதைவிட என்ன கனம் என்பது முக்கியம். ஒன்பது பட்டை உள்ள கட்டில் அதே கனத்தில் ஒன்று கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு கூடும். 6 மில்லிமீட்டர் பட்டைகளை 8 மில்லிமீட்டராக மாற்றினாலோ, விறைப்பு இரண்டேகால் மடங்குக்கு மேல் போய்விடும். அப்படிப்பட்ட வண்டி காலியாக மலை ஏறும்போது குதித்துக் குதித்துப் போகும். சக்கரம் தரையை விட்டு எழும். எழுந்த சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. நமது வண்டிகள் பெரும்பாலும் காலியாக ஏறிச் சுமையோடு இறங்குபவை. ஆகவே பின்பக்கம் மட்டும் ஒரு ஹெல்பர் பட்டை போடுவது உத்தமம். சுமை ஏறிப் பட்டை அமுங்கிய பின்புதான் அது வேலை செய்யும். முன்பக்கத்தைத் தொட வேண்டாம்.

காயில் ஸ்பிரிங் போட்டால் சொகுசு என்று கேட்பவர்களும் உண்டு. 2020-ல் வந்த தார் ஜீப்பில் நான்கு மூலையிலும் காயில்தான். ஆனால் பட்டை, சுமையைத் தாங்குவதோடு ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. காயில் பிடிக்காது; அதற்குத் தனி ராடுகள் வேண்டும். பழைய சட்டத்தில் அதை ஒட்ட வைப்பது நம் வேலையல்ல.

ஷாக் அப்சார்பருக்குச் செய்யும் செலவு வீண் போவதில்லை. பானெட் மூலையை அழுத்தி விட்டால் வண்டி ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும்; ஊஞ்சலாடினாலோ, ஆயில் கசிந்தாலோ ஜோடியாக மாற்றவும். சர்வீசில் வண்டியின் அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. இரும்புக்கு நல்லதென்று அடிக்கும் ஆயில், பட்டைக் கண்ணிலும் ஷாக் அப்சார்பரிலும் உள்ள ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

பவர் ஸ்டீயரிங் கடைசி. வயதானவர்கள் ஓட்டும் வண்டிக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டீயரிங் கனமாக இருப்பதற்குக் காற்றுக் குறைவு, கிரீஸ் காணாத கிங் பின், தேவையில்லாத அகல டயர் ஆகியவையே பல நேரங்களில் காரணம். தேய்ந்த மூட்டுகளோடு பவர் மாட்டினால் தேய்மானம் கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியை டீசல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்தி மலை இறக்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகும். பூஸ்டர் உள்ள பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கட்டையாகிவிடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைக் காட்டிப் பணம் தர மறுக்கப் பார்க்கும். தேய்ந்த பாகத்தை அதே அளவில் மாற்றுவதற்கு இந்தத் தொல்லை இல்லை. உயர்த்துவதற்கோ, வேறு மாடல் ஸ்டீயரிங் மாட்டுவதற்கோ முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். பட்டறைக்காரர் வாய்ச்சொல் அனுமதி ஆகாது.

பட்டை வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது யூ போல்ட்டுகள் புதிதாகப் போடப்பட்டனவா என்று பார்க்கவும். பழையவை இழுபட்டு நீண்டிருக்கும். யூ போல்ட் தளர்ந்தால் பட்டையின் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகரும்; வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். புதுப் பட்டைகள் சுமையில் படிந்து அமர்வதால் முதல் சுமைப் பயணம் முடிந்ததும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்து வைக்கவும். காலையில் குனிந்து பார்த்தால் தெரியும். கோடு விலகியிருந்தால் முடுக்கிய பின்புதான் சுமை ஏற்ற வேண்டும்.