கேட்டால் போதாது, பார்க்கவும் வேண்டும்

"சாமான் எப்படி?" என்று வாடிக்கையாளரிடம் நாம் எல்லோரும் கேட்கிறோம். அந்தப் பதிலை மட்டும் நம்பி முதல் போடலாமா? நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

2014 மார்ச்சில் யாழ்தேவி பளை வரை ஓடத் தொடங்கியது. ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போகும்வரை பளைதான் கடைசி நிலையம். சனம் கூடும், தென்னை நிறைந்த ஊர் என்று கணக்குப் போட்டேன். மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் தேங்காய் துருவும் மெஷின்களில் சிலவற்றை வீடுகளுக்குப் பாவித்துப் பார்க்கக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துக் கேட்டால், "நல்ல சாமான் நானா" என்றார்கள். உடனே புறக்கோட்டையில் கடனுக்கு 60 எடுத்தேன். விற்றது 4. செக் திகதியோ நெருங்கியது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தமும் இப்படித்தான் ஏமாந்தார். 1998 இல் மலிவான சுகாதார நப்கின் செய்யத் தொடங்கிய அவர், மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துப் படிவமும் கொடுத்தார். வாங்கப் போனபோது, ஒருசிலரே எல்லோருடைய படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தார்களாம்! பிறகு ஆட்டு இரத்தம் நிரப்பிய பந்துப் பையைக் கட்டிக்கொண்டு தானே அணிந்து பார்த்தார். பஞ்சு சரிவராது, மரக்கூழ் நார்தான் வேண்டும் என்பதையும் பின்னர் கண்டுபிடித்தார். 2016 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நானும் திரும்பப் பளைக்குப் போனேன். இம்முறை "நல்லதா?" என்று கேட்கவில்லை. "இன்றைக்குத் தேங்காய் எப்படித் துருவினீர்கள், காட்டுங்கள்" என்றேன். அந்தப் பெண் பழைய துருவலையில் குந்தினார். எனது மெஷின் பெட்டியோடு மூலையில் கிடந்தது. "பூட்ட மேசை எங்கே நானா?" என்றார். மீளக்குடியேறிய தகரக் கொட்டில், மேசையே இல்லை. முகம் முறியக்கூடாதென்றுதான் முதலில் "நல்லது" என்றிருக்கிறார்.

தச்சரிடம் சொல்லி, குந்தியிருந்து சுற்றும்படி பதிந்த பலகையில் மெஷினைப் பூட்டுவித்தேன். மீதி விற்றது. இலாபம் பலகைக் கூலியோடு போனது, முதல் தப்பியது.

ஆகவே மூன்று விடயங்களை மறக்காதீர்கள். அபிப்பிராயம் கேட்காமல், கடைசியாக எப்போது, எப்படிப் பாவித்தார்கள் என்று கேளுங்கள். பாவிக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். பாவிக்காமல் வைத்திருப்பவரிடம் கட்டாயம் காரணம் கேளுங்கள். இதற்கு ஐந்தாறு வீடுகளும் ஒரு நாளும் போதும். ஆனால் செக் எழுதிய பிறகல்ல, எழுத முன்னர் போகவேண்டும்.