பயிற்றுவிப்பாளர் கையில் ஒரு பிள்ளை

(குடும்பங்களும் இளைஞர் குழுக்களும் கூடியிருந்து வாசிப்பதற்கான பாடம்)

பாடத்தின் நோக்கம்: உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஒருவரின் கீழ் எமது பிள்ளைகள் எதை அனுபவிக்கிறார்கள் என்பதை அறிதல், அதில் பெற்றோராகிய எமது பங்கைத் தீர்மானித்தல்.

1. ஏன் இந்தப் பாடம்?

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். போரின் வெவ்வேறு கட்டங்களில் தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் தம் ஊர்களை விட்டு ஓடின. வயல், மாடு, தோட்டக் கிணறு என்று பெரியவர்கள் இழந்தவற்றை எண்ணிச் சொல்லலாம். பிள்ளைகள் இழந்ததை அப்படி எண்ண முடியாது. சொந்த ஊரில் ஒரு பையன் இன்னாருடைய பேரன். வந்த ஊரில் அவன் ‘முகாம் பிள்ளை’. முகாம் குடியிருப்பாக மாறிய பிறகும் அந்தப் பெயர் சில இடங்களில் மாறவில்லை.

வண்ணாத்திவில்லுப் பக்கத்திலும் வெயில் தணிந்ததும் பிள்ளைகள் பந்தோடு வெளியே கிளம்புகிறார்கள். அங்கே நிற்கும் பயிற்றுவிப்பாளர், வீட்டுக்கு வெளியே அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் முதல் பெரியவராக இருக்கலாம். அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டு ஆசிரியர்களின் பணியிலிருந்து பார்ப்போம்.

2. ஒரு சிறு கல்லூரியும் ஓர் அகதிப் பையனும்

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து ஓடினர். லயால்பூர் என்பது கால்வாய்ப் பாசனத்தால் செழித்த விவசாயப் பூமி. இன்று அது பாகிஸ்தானில் பைசலாபாத் எனப்படுகிறது. அங்கே 1936இல் பிறந்த ஜர்னைல் சிங், பதினொரு வயதில் குடும்பத்தோடு இந்தியப் பக்கம் வந்தார்.

அவர் கல்வி கற்றது பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் உள்ள மஹில்பூர் என்ற சிற்றூரின் கல்சா கல்லூரியில். அக்கல்லூரி அதிபர் ஹர்பஜன் சிங் அவ்வூரில் உதைபந்தாட்டத்தை வேரூன்றச் செய்தவர். பெரிய நகரமில்லை, பெரிய அரங்கமில்லை. ஆனாலும் அந்த ஊர் இந்தியாவுக்குப் பல வீரர்களைத் தந்தது. அதிபரின் பெயரால் அங்கே இன்றும் சுற்றுப்போட்டி நடக்கிறது. ஜர்னைல் சிங் அங்கிருந்து கல்கத்தா சென்று மோகன் பகான் கழகத்தின் பின்வரிசையில் பல ஆண்டுகள் ஆடினார். 1964இல் அர்ஜுனா விருது பெற்றார்.

கல்லூரி அவருடைய இழந்த ஊரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை எவராலும் கொடுக்க முடியாது. ஆனால் தன் அணியில் ஓர் இடத்தைக் கொடுத்தது. ‘நீ எங்கிருந்து வந்தவன்?’ என்ற கேள்வி பின்னால் போய், ‘நீ எந்த இடத்தில் ஆடுகிறாய்?’ என்ற கேள்வி முன்னால் வருவது இடம்பெயர்ந்த பிள்ளைக்குச் சிறிய காரியமல்ல.

3. ரஹீம் ஆசிரியர்

இந்திய அணியில் ஜர்னைல் சிங்குக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அவரிடம் பயின்ற ஹைதராபாத் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. பந்தைத் தன்னிடமே வைத்திருக்காமல் உடனே தோழனுக்குக் கொடுப்பதை அவர் பழக்கினார். பழகாத காலாலும் உதைக்கச் செய்தார்.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. பின்னர் தாய்லாந்தோடு ஆடுகையில் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. பின்வரிசை வீரர் தலையால் பந்தை எதிர்கொள்ள வேண்டும். அது இனி அவரால் ஆகாது. ஆனால் மாணவப் பருவத்தில் அவர் முன்வரிசையில் ஆடியவர் என்பதை ரஹீம் மறக்கவில்லை. அரையிறுதியிலும் இறுதியிலும் அவரை முன்னால் ஆடவிட்டார். இரண்டிலும் அவர் கோல் போட்டார். முதலில் தம்மை வென்ற அதே தென்கொரியாவை இறுதியில் 2–1 என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அப்போதே புற்றுநோயாளியாக இருந்த ரஹீம் 1963 ஜூனில் காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். காயம்பட்டவரை ஆடவிட்டதை நாம் பின்பற்றக் கூடாது. தலையில் அடிபட்டு மயக்கமோ, வாந்தியோ, தடுமாற்றமோ காணும் பிள்ளையை உடனே வெளியே எடுத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். வைத்தியர் சொல்லும்வரை ஆடவிடக் கூடாது என்பதே இன்றைய மருத்துவ அறிவு. ரஹீமிடம் நாம் கற்க வேண்டியது வேறு. அவர் தம் வீரரின் பழைய நாட்களையும் அறிந்து வைத்திருந்தார்.

4. வெளியே இருந்தவர்

அந்த இறுதியாட்டத்தில் கோல் காத்தவர் நெடிய உருவமுடைய பீட்டர் தங்கராஜ். அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்கு இறுதியில் இடமில்லை. எந்த அணியிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரு பயிற்றுவிப்பாளரை அளக்க வேண்டுமானால், கிண்ணத்தை ஏந்தி நிற்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டாம். வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்போம்.

காரணம் சொல்லி வெளியே இருத்தினால் பிள்ளை நாளையும் வருவான். காரணம் சொல்லாவிட்டால் அவனே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வான்: ‘நான் வந்த குடி, அதனால்தான்.’ அந்த எண்ணம் விழுந்தால் பந்து மட்டுமல்ல, பாடசாலையும் கைவிட்டுப் போகலாம். பயிற்றுவிப்பாளர் கோபத்தில் ‘அகதி’ என்று ஒரு சொல் விட்டாலும் அப்படித்தான். அது அடியைவிட நெடுநாள் நோகும். அடியும் வேண்டாம், அடிக்காமலே ஒழுங்கு பழக்கலாம்.

பிள்ளைகள் பயிற்றுவிப்பாளரின் புத்திமதியை விட அவர் நடக்கும் விதத்தையே படிக்கிறார்கள். நேரத்துக்கு வருகிறாரா? தோற்ற நாளில் எப்படிப் பேசுகிறார்? நடுவரோடு சண்டை பிடிக்கிறாரா? இவையெல்லாம் அவர்களுக்குப் பாடங்கள்.

5. நாம் செய்யக்கூடியவை

• கிழமைக்கு ஒருநாளாவது மைதானத்துக்குப் போங்கள். கத்த வேண்டாம், பார்த்தாலே போதும்.
• வீட்டுக்கு வந்ததும் ‘வென்றாயா?’ என்பதற்கு முன் ‘இன்று என்ன பழகினாய்?’ என்று கேளுங்கள்.
• விதைப்பு, அறுவடைக் காலத்தில் பிள்ளையின் உதவி தேவைப்பட்டால் பயிற்றுவிப்பாளருக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். வராத பிள்ளை சோம்பேறி என்று பெயர் எடுக்க விடாதீர்கள்.
• குடிநீரும் காயத்துக்கான மருந்துப் பெட்டியும் மைதானத்தில் இருக்கட்டும்.
• பெண்பிள்ளைகளுக்கும் இடம் கேளுங்கள். போரினால் 1990இல் இடம்பெயர்ந்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் பிற்காலத்தில் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் சம்பியன்களானார்கள்.
• பயிற்றுவிப்பாளரும் பெரும்பாலும் சம்பளமில்லாத ஓர் இளைஞரே. குறை காணும்போது தனியே சொல்லுங்கள். நன்மை காணும்போது எல்லார் முன்னும் சொல்லுங்கள். ஆனால் அடி, இழிசொல், தகாத தொடுகை பற்றிப் பிள்ளை சொன்னால் தயங்காமல் பொறுப்பானவர்களிடம் முறையிடுங்கள்.

வேத வாசிப்பு: 1 கொரிந்தியர் 12:14–26. உடலின் எந்த உறுப்பும் வேண்டாததல்ல என்று பவுல் எழுதுகிறார். வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்து வாசியுங்கள். பிற சமயத்தவர் தம் வேதத்திலிருந்து இதே கருத்தைப் பகிரலாம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பிள்ளை பயிற்றுவிப்பாளரைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறான்? என்ன சொல்லாமல் விடுகிறான்?
2. எமது அணியில் வந்த குடிகளும் இருந்த குடிகளும் சேர்ந்து ஆடுகிறார்களா? இல்லையென்றால் தடை எது?
3. சென்ற வருடம் விளையாட்டை விட்டுப்போன பிள்ளை யார்? அவனையோ அவளையோ தேடிப் போகப் போகிறவர் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லி விடை தேடுங்கள். அந்த வீட்டுக்கு யார், எந்த நாள் போவது என்று முடிவு செய்த பிறகே கூட்டத்தைக் கலையுங்கள்.