குழாய் ஏன் காயவில்லை?

அறிவியல் கண்காட்சிக்கான சுற்றறிக்கை வந்ததும் நம் பள்ளிகளில் முதலில் தேடப்படும் பொருள் தெர்மாகோல். எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு வீடு என்று எல்லாமே இப்போது கடையில் விலைக்குக் கிடைக்கின்றன. மாதிரி செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். கைத்திறன் வளரும், பார்ப்பவருக்கும் புரியும். ஆனால் அதன் விடை பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, அளந்து பார்த்து, ஒரு முடிவுக்கு வரும் செயல்திட்டத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளையால் செய்ய முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஏழாயிரம்பண்ணைப் பகுதியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நான் ஒரு மாணவியோடு அதைச் செய்த விதத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பகுதியில் பட்டாசும் தீப்பெட்டியும் தவிர வேறு பேச்சு குறைவு. செயல்திட்டத்துக்குத் தலைப்பு கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் பட்டாசு என்பார்கள். இவளும் "பச்சைப் பட்டாசு செய்யலாமா சார்?" என்றுதான் வந்தாள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததிலிருந்து அந்தச் சொல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் சாதாரணமாகப் புழங்குகிறது. வேலை இருக்கிறதா இல்லையா என்பதே அந்தத் தீர்ப்பைப் பொறுத்தது என்னும்போது புழங்காமல் என்ன செய்யும்?

எங்கள் பள்ளியில் இதற்கு இரண்டு விதிகள் உண்டு. மருந்து பள்ளி வளாகத்துக்குள் வராது. பிள்ளை ஆலைக்குள் போகாது. வெடிமருந்துக் கலவை உராய்வுக்கும் வெப்பத்துக்கும் எப்படி எதிர்வினை காட்டும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று, நாம் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று எங்களுக்கு அருகிலேயே அச்சங்குளத்தில் மறுபடியும் ஒரு பெரிய விபத்து. ஆகவே, 'ஒரு சிட்டிகைதானே, ஆசிரியர் பக்கத்தில்தானே நிற்கிறார்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளையின் ஆர்வம் அதோடு முடிந்துவிடும். எனவே, "பட்டாசுல உனக்கு என்ன தெரியும்? வீட்டில என்ன பார்த்திருக்க?" என்று கேட்டேன். அவளுடைய அம்மா வீட்டில் வெற்றுக் காகிதக் குழாய் சுற்றுகிறார். மருந்து கிடையாது; காகிதமும் மைதா பசையும்தான். எண்ணிக்கைக்குக் கூலி. பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: "போன வருசம் மழையில குழாய் காயவே மாட்டேன்னுருச்சு சார். நமத்துப் போய்க் கிடந்துச்சு. வாங்கிட்டுப் போறவங்க வேண்டாம்னுட்டாங்க."

நமத்துப் போதல் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சொல். அதற்குள் ஆவியாதல், ஈரப்பதம், காகிதம் நீரை உறிஞ்சுதல் என்று ஒரு பாடமே இருக்கிறது. "ஏன் காயல?" என்றேன். "வெயில் இல்ல சார்." "வெயில் இல்லாம ஆடி மாசம் ராத்திரி கொடியில போட்ட துணி காயுதே?" அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்து, "காத்துனாலயா சார்?" என்றாள். கேள்வி பிறந்தது அங்கேதான். அதற்குமுன் ஒரு வாரம் நான் தலைப்பு எதுவும் கொடுக்காமல் பொறுத்திருந்தேன். வழிகாட்டும் ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை என்பது என் எண்ணம்.

இனி, கேள்வியை அளக்கத்தக்கதாகச் சுருக்க வேண்டும். 'மழைக்காலத்தில் குழாய் ஏன் காயவில்லை' என்பது நல்ல கேள்வி, ஆனால் அகலமானது. பேசிப் பேசி அதை இப்படி ஆக்கினோம்: 'பசையிட்ட காகிதக் குழாய் காய்வதில் வெயிலின் பங்கு அதிகமா, காற்றின் பங்கு அதிகமா?' இந்த வாக்கியத்தில் எதை மாற்றப் போகிறோம் (வெயில், காற்று), எதை அளக்கப் போகிறோம் (குழாயில் மிஞ்சும் நீர்) என்பது தெரிகிறது. மாறாமல் வைக்க வேண்டியவற்றை மாணவியையே பட்டியலிடச் சொன்னேன். ஒரே காகிதம், ஒரே பசை, ஒரே நீளம் என்றாள். "அம்மாவே சுத்தணும் சார், நான் சுத்துனா லூசா வரும்" என்பதையும் சேர்த்தாள். மாறிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட அது தெளிவாக இருந்தது.

இதற்குள் அவளுடைய வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தேன். குழாய் கெட்டால் கூலி போகும். அதைத் தாயிடம் மறைத்துச் செய்யக் கூடாது. "கணக்கு குறையாம இருந்தாச் சரி சார். அவ நல்லாப் படிக்கட்டும்" என்றார் அம்மா. நானும் ஒன்று சொல்லிவைத்தேன்: பிள்ளை எடை போடுவாள், எழுதுவாள்; குழாய் சுற்ற மாட்டாள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலையில் அமர்த்துவதைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டு வேலைக்குள் செயல்திட்டம் நுழையும்போது அது கூலி வேலையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று, ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகள், நான்கு சொளகு. தராசிலேயே முதல் சிக்கல் வந்தது. ஒரு குழாயை வைத்தால் எண் நிலையாக நிற்கவில்லை, அவ்வளவு இலேசு. "அப்ப என்ன செய்யலாம்?" என்று விட்டுவிட்டேன். அவளும் அவளுடைய கூட்டாளி மாணவியும் பத்து, இருபது என்று வைத்துப் பார்த்து, ஒரு சொளகுக்கு ஐம்பது என்று முடிவு செய்தார்கள். கருவியின் நுட்பம் போதாதபோது பொருளின் அளவைக் கூட்டுவது என்ற வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் அதற்குப் பெயர் மட்டும் சொன்னேன்.

நான்கு சொளகுக்கும் நான்கு இடம். மொட்டை மாடியில் வெயிலும் காற்றும். மாடியின் கைப்பிடிச் சுவரோரம், காற்றை அட்டைப்பெட்டியால் மறித்து வெயில் மட்டும். திண்ணையில் நிழலும் காற்றும். உள்ளறையில் இரண்டும் இல்லை. சனிக்கிழமைகளில் காலையிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை எடை. மூன்று சனிக்கிழமை இதையே திரும்பச் செய்தார்கள். ஒரே நாள் முடிவை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டாவது சனிக்கிழமை எண்கள் வேறாக வந்தபோது தானாகப் புரிந்தது.

கணக்கு எளியது. உதாரணத்துக்கு, ஈரக் குழாய் ஐம்பதின் எடை 180 கிராம், எடை இனிக் குறையாத நிலையில் 140 கிராம் என்றால், போக வேண்டிய நீர் 40 கிராம். ஒரு மணி நேரத்தில் 160 ஆகிவிட்டால் பாதி போய்விட்டது, அதாவது 50 விழுக்காடு. நான்கு சொளகின் தொடக்க எடையும் சற்றே வேறுபட்டாலும் விழுக்காட்டில் எழுதினால் ஒப்பிடலாம். ஏழாம் வகுப்பில் விழுக்காடு என்றால் ஓடி ஒளிந்தவள், இங்கே தானாகவே நோட்டு முழுக்க விழுக்காடு போட்டாள்.

காற்றின் ஈரத்தை அளக்க, இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் ஈரக்குமிழ் குறைவாகக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் இரண்டுக்கும் இடைவெளி அதிகம். ஈரமாக இருந்தால் இடைவெளி சுருங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான் என்று நான் சொல்லும் முன்பே கூட்டாளி சொல்லிவிட்டாள். ஆடியில் அளந்த இடைவெளிக்கும் ஐப்பசி மழைநாளில் அளந்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்ததும், எங்கள் பகுதிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் ஏன் வந்தன என்ற பேச்சு வகுப்பில் எழுந்தது. வறண்ட வானிலை, விவசாயத்துக்குப் போதாத மழை, 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்று அது சமூக அறிவியல் பாடமாகவே நீண்டது. நான் தடுக்கவில்லை.

செயல்திட்டத்தின் உயிர் என்று நான் கருதுவது பதிவேடு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் அதை முன்னெடுக்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் நண்பர்கள் எப்போதும் வற்புறுத்துவது இதைத்தான்: அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுது. ஒரு ஞாயிறு காலை அந்த மாணவி சோர்ந்த முகத்தோடு எனக்குப் போன் செய்தாள். முந்தைய நாள் மாலை காய்ந்துவிட்டது என்று எழுதிவைத்த குழாய்கள், விடிந்ததும் எடை கூடியிருந்தன. "தப்பா எழுதிட்டேன் போல சார். அழிச்சிட்டு நேத்து எடையையே போட்டுறவா?"

நம்மில் பலர் 'சரி, போடு' என்று சொல்லக்கூடிய இடம் இது. வரைபடம் அழகாக இறங்கிவர வேண்டும் அல்லவா! அழிக்க வேண்டாம், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வை, இன்று இரவும் அளந்து பார் என்றேன். மறுநாளும் கூடியிருந்தது. பகலில் காய்ந்த காகிதம் இரவின் ஈரக் காற்றிலிருந்து நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஊரார் நமத்துப் போச்சு என்று சொல்வதை அவள் கிராமில் எழுதிவிட்டாள். அந்த வட்டம் போட்ட எண்தான் பின்னர் அவளுடைய அறிக்கையின் முக்கியப் பக்கம் ஆனது.

முடிவு என்ன? நாங்கள் அளந்த நாட்களில் வெயிலும் காற்றும் சேர்ந்த சொளகு முதலில் காய்ந்தது, இது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, திண்ணையில் நிழலும் காற்றும் இருந்த சொளகு, வெயில் மட்டும் பட்ட சொளகுக்கு அதிகம் பின்தங்கவில்லை என்பது. கடும் வெயிலில் சில குழாய்கள் வளைந்தும் போயின. திண்ணையில் அது இல்லை. 'காற்றே முக்கியம்' என்று தலைப்பில் எழுதத் துடித்தாள். நான்கு இடம், சில நாட்கள், ஒரே வீடு. இதை வைத்து எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவே எழுது என்றேன். 'எங்கள் வீட்டில், இந்த நாட்களில்' என்ற சொற்களைச் சேர்த்தாள். வாக்கியம் சற்று நீண்டது, ஆனால் உண்மையானது.

எந்த மேடைக்கு எதை அனுப்புவது என்பதையும் யோசிக்க வேண்டும். இன்ஸ்பயர் மானக் விருதுக்கு மாணவர்களின் புதிய யோசனைகளை இணையத்தில் பதிவு செய்கிறோம். தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வருகிறது. அங்கே கேட்பது பயன்படு பொருளுக்கான யோசனை. குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் ஊரின் சிக்கலை ஆய்ந்து எழுத்தறிக்கையும் பதிவேடும் தருகிறார்கள். எங்கள் குழாய் இரண்டாவதற்கே பொருந்தியது.

வாய்மொழியாக விளக்கும் பயிற்சிக்கு நான் உரை எழுதித் தரவில்லை. மதிய உணவு இடைவேளையில் ஆறாம் வகுப்பில் நின்று சொல்லச் சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்விகள் நடுவர்களின் கேள்விகளைவிடக் கூர்மை. "குழாயோட உள்பக்கம் காஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்க்கா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு நாள் கழித்து அவள் ஒரு குழாயைப் பிரித்துக் காட்டினாள்.

மாவட்ட அளவில் ஒரு நடுவர், "இதில் நீ கண்டுபிடித்த பொருள் என்ன?" என்று கேட்டார். அவள் பதிவேட்டைத் திறந்து, வட்டம் போட்ட பக்கத்தைக் காட்டினாள். "பொருள் இல்ல சார். மழை நாள்ல குழாயைத் திண்ணையில காத்துல காய வச்சு, சாயங்காலமே எடுத்து மூடி வைக்கணும். ராத்திரி வெளிய கிடந்தா ஈரம் திரும்ப ஏறிக்கிது. இதுதான் கண்டுபிடிச்சேன்." மாநில அளவுக்கு அவள் தேர்வாகவில்லை. அந்தக் கார்த்திகையில் அவளுடைய அம்மா குழாய்களை மாலையிலேயே அள்ளி, பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடத் தொடங்கினார். பக்கத்து வீட்டாரும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சாக்கில் மூடினால் போதுமா, டிரம்தான் வேண்டுமா என்பதை இந்த ஆண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அளந்துகொண்டிருக்கிறார்கள். தராசு அவர்களிடம் இருக்கிறது.