குழாய் எடுத்த பிறகு ஒரு வாய்த் தண்ணீர்



பட்டாசு ஆலையில் விபத்து என்றதும் நம் மாவட்டத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை பேர் என்றுதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேர் வரை இறந்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் அதே கேள்வி. இறந்தவர்களின் எண்ணிக்கை ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. உயிர் பிழைத்து ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இம்மாதப் பாடம் அவர்களைப் பற்றியது. அவர்கள் கட்டிலருகே நிற்க வேண்டிய, நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு நிபுணரைப் பற்றியதும்கூட.

மருந்து அறை சிறியது. அங்கே தீப்பிடித்தால் உடல் மட்டும் வேகுவதில்லை. சூடான புகை மூக்கு, வாய் வழியாகத் தொண்டையையும் சுடுகிறது. முகத்தில் தீக்காயம், கரகரத்த குரல், சளியில் கரி ஆகிய மூன்றையும் கண்டால் மருத்துவர் உள்ளே வீக்கம் வரப்போகிறது என்று கருதுவார். வீக்கம் உடனே முழுமையடையாது. அடுத்த ஒரு நாளில்கூட ஏறிக்கொண்டே போகலாம். மூச்சுப்பாதை அடைபட்ட பின் குழாய் நுழைக்க இயலாது என்பதால் முன்கூட்டியே நுழைத்து வென்டிலேட்டரில் இணைக்கிறார்கள். "பேசிக்கொண்டிருந்த மனுசனுக்கு ஏன் குழாய் போட்டார்கள்?" என்று குடும்பத்தார் சண்டைக்குப் போவதுண்டு. பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடுவதுதான் உயிரைக் காப்பது.

அந்தக் குழாய் இரண்டு குரல்நாண்களுக்கு நடுவே இறங்குகிறது. மதரஸாவில் மக்ரஜ் பயின்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஹம்ஸாவும் ஹாவும் தொண்டையின் அடியிலிருந்தும், ஐனும் ஹாவும் நடுவிலிருந்தும் பிறக்கின்றன என்று உஸ்தாத் நம் கழுத்தைத் தொட்டுக் காட்டுவாரே, அந்த அடித்தொண்டைப் பகுதியில்தான் குழாய் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. குரல் பிறக்கும் அதே இடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடுவது. இரண்டு நாளுக்கு மேல் குழாய் இருந்தவர்களில் பலருக்கு அதை எடுத்த பின் அந்த மூடி சரியாக மூடுவதில்லை. தொண்டை மரத்தும் போயிருக்கும். தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்கினால் நமக்குப் புரை ஏறி இருமல் வரும். அவர்களில் சிலருக்கு இருமலே வராது. பார்க்கிறவர் நன்றாகக் குடிக்கிறார் என்று நினைப்பார். மூன்றாம் நாள் நிமோனியா.

பிரியத்தில் செய்வதே இங்கே ஆபத்தாகிறது. குழாய் எடுத்தாயிற்று என்ற செய்தி வந்ததும் ஒருவர் இளநீர் வாங்கி ஓடுகிறார். ஒருவர் நோன்புக் கஞ்சி கொண்டுவருகிறார். ஹஜ்ஜிலிருந்து வந்த வீட்டில் பத்திரப்படுத்திய ஜம்ஜம் தண்ணீரை ஒரு மூடியளவு வாயில் ஊற்றுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் கோயில் தீர்த்தம். நீர்த்த திரவம்தான் வேகமாக ஓடித் தவறான வழியில் இறங்கும். கூழ் போன்ற கெட்டியான உணவு சிலருக்கு அதைவிடப் பாதுகாப்பு. எவருக்கு எது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அதுவரை செவிலியரிடம் கேட்டு, ஜம்ஜமில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டை ஈரப்படுத்துங்கள். பரக்கத் அதிலும் உண்டு என்பதே நம் நம்பிக்கை.

சோதித்துச் சொல்பவர்தான் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்குவாய்க்கும், காது கேளாத குழந்தைக்கும் பயிற்சி தருபவர் என்றே அவரை அறிவோம். பி.ஏ.எஸ்.எல்.பி. என்னும் நான்காண்டுப் படிப்பில் விழுங்கலும் ஒரு பாடம்தான். ஆனால் ஐ.சி.யூ. வேறு உலகம். வென்டிலேட்டர் திரையைப் படிக்கத் தெரிய வேண்டும். மூச்சின் வேகம் ஏறும்போது சோதனையை நிறுத்தத் தெரிய வேண்டும். சளி உறிஞ்சவும் கற்றிருக்க வேண்டும். மூக்கு வழியே மெல்லிய கேமராவை இறக்கி, நோயாளி விழுங்குவதை நேரில் பார்க்கும் ஃபீஸ் என்ற சோதனையை 1988இல் அமெரிக்காவின் சூசன் லாங்மோரும் அவருடைய குழுவும் அறிமுகப்படுத்தினர். கட்டிலிலேயே செய்யலாம் என்பது அதன் பெரிய வசதி. பிரிட்டனில் இதற்கென்றே தனித் தகுதிநிலைகள் வகுத்து, மூத்தவர் மேற்பார்வையில் பழகிய பின்னரே தனியாகச் செய்ய விடுகிறார்கள். பட்டம் போதும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஓர் உதாரணம். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவர் பேசுவதற்கு ஒருவழி வால்வு ஒன்று உண்டு. தசைச் சிதைவு நோயால் வென்டிலேட்டரில் வாழ்ந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர் 1980களில் தமக்காகவே வடிவமைத்தது அது. மூச்சு உள்ளே போகும்; வெளியேறும் மூச்சு வால்வு வழியே போகாமல் குரல்நாண் வழியே மேலேறிக் குரலாகும். ஆனால் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் காற்றை முதலில் இறக்க வேண்டும். இறக்காமல் வால்வை மாட்டினால் உள்ளே போன மூச்சு வெளியேற வழியில்லை. நோயாளி மூச்சடைத்து இறந்துபோகக்கூடும்.

குரல் வரும்வரை? ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் நுரையீரல் காய்ச்சலால் கழுத்தில் துளையிடப்பட்டுக் குரலை இழந்தார். கணினிக் குரல் கிடைக்கும்வரை ஒருவர் எழுத்தட்டையைக் காட்ட, சரியான எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்திச் சொல்லைக் கூட்டினார். பட்டாசுத் தொழிலாளிக்குக் கையிலும் கட்டு இருக்கும். எழுதிக் காட்டவும் முடியாது. நமக்கு 247 எழுத்து. அத்தனையையும் ஒரு அட்டையில் அடைக்கத் தேவையில்லை. 18 மெய் ஒரு பக்கம், 12 உயிர் ஒரு பக்கம் போதும். படிக்காதவர்களுக்குப் படம்: வலி, தாகம், மூச்சு முட்டுகிறது, குளிர், பிள்ளைகள், தொழுகை. கேள்வியை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆம் என்றால் ஒருமுறை கண் மூடச் சொல்லுங்கள். இன்னொன்று: வெடிச்சத்தத்தில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். பதில் வராதவரைப் புத்தி பேதலித்தவர் என்று முடிவுகட்டுமுன் அவருக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பின், முன்பு மதுரைக்கே ஓட வேண்டியிருந்த சிகிச்சை பலவும் அருகில் வந்துவிட்டது. இந்தப் பணிக்கும் ஆள் உருவாக வேண்டும். கொச்சி அமிர்தாவில் விழுங்கல் கோளாறுகளுக்கென்றே எம்.எஸ்சி. படிப்பு இருக்கிறது. பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்த நம் மாவட்டப் பிள்ளை ஒருவருக்கு, எந்தச் சமூகத்தவர் ஆனாலும், இத்தகைய மேற்பயிற்சிக்கு உதவலாம் என்று நிர்வாகக் குழுவின் முன் வைத்துள்ளோம். ஜகாத் நிதியைத் தொடாமல் பொது ஸதகாவிலிருந்து எடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. பதவி இல்லாத இடத்துக்குப் பயிற்சி பெற்றவர் வந்து என்ன செய்வார் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பயிற்சி பெற்றவர் ஒருவரைக் காட்டிப் பதவி கேட்பது, யாரும் இல்லாமல் கேட்பதைவிட எளிது என்று பதில் சொன்னோம். முடிவு அடுத்த கூட்டத்தில்.

விண்ணப்பிப்போர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். தனியாரிடம் சிகிச்சைக்குப் போகிறவர்களும் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது.

படஅட்டையைச் சிவகாசி அச்சகம் ஒன்று காலண்டர் அட்டையில், துடைத்துச் சுத்தம் செய்யும்படி லேமினேட் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டில் நோயாளி உள்ளவர்கள் அஸருக்குப் பின் அலுவலகத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.