ஆஃபர் எழுத்துக்களைப் படிக்கத் தெரிஞ்சுக்குவோம்



தீபாவளி, பொங்கல் வந்தால் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கும் நேரு வீதிக் கடைகளுக்கும் போகிறோம். வாசலிலேயே கூப்பனைக் கையில் கொடுக்குறாங்க. அதில் இருப்பதெல்லாம் அரைகுறை எழுத்து, நம்பர், நட்சத்திரக் குறி. அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டு வாங்கி வந்துவிடுகிறோம். குழுவில் மாதாமாதம் நூறு, இருநூறு என்று சேமிக்கிற பணம், ஒரே நாளில் கடைவீதியில் போய்விடலாமா? குழுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எம்.ஆர்.பி.
அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரியும் இதற்குள் அடக்கம். இதற்கு மேல் வாங்கக் கூடாது, குறைத்து விற்கலாம். "எம்.ஆர்.பி.யில் 10 ரூபாய் தள்ளுபடி" என்றால் பெரிய சலுகை என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கடையில் எப்போதும் அந்த விலைக்கே விற்கலாம். விசாரிச்சுப் பாருங்க.

2. யூ.எஸ்.பி.
இப்போது பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி. பக்கத்தில் இது சின்னதாக இருக்கும். ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று சொல்வது. 100 கிராம் டீத்தூள் 55 ரூபாய், 250 கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னதில் கிராம் 55 காசு, பெரியதில் 60 காசு. பெரிய பாக்கெட்தான் லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது.

3. 1+1
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஒரு பாக்கெட் 90 ரூபாய், இன்னொன்று இலவசம். அதே அளவு வேறு கம்பெனிப் பாக்கெட் 40 ரூபாய் என்றால் ரெண்டும் 80 ரூபாய்தான். இலவசம் வாங்கியவருக்கு 10 ரூபாய் நஷ்டம்! தேதியையும் பாருங்கள். எம்.எஃப்.டி. என்றால் தயாரித்த நாள், பி.கே.டி. என்றால் பேக் செய்த நாள், எக்ஸ்பைரி என்றால் முடிவு நாள். முடிவு நாள் நெருங்கிய சரக்கும் இப்படி வரலாம்.

4. அப் டு 50%
"50 சதவீதம் வரை" என்று அர்த்தம். ஏதோ ரெண்டு சேலைக்கு 50 இருக்கும், மற்றதுக்கு 10 இருக்கும். "வரை" என்ற சொல் மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்.

5. 50% + 20%
இது 70 இல்லை. 1,000 ரூபாய்ச் சேலைக்கு முதலில் பாதி போனால் 500. அந்த 500-இல் 20 சதவீதம் 100. நாம் கொடுப்பது 400. அதாவது தள்ளுபடி 60 சதவீதம்தான்.

6. கேஷ்பேக், மினிமம் பில்
டிஸ்கவுண்ட் உடனே பில்லில் குறையும். கேஷ்பேக் முழுப் பணம் கொடுத்த பிறகு வரும். பல நேரம் அடுத்த முறை வாங்கும்போது மட்டும் கழியும். "1,500 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய்க் கூப்பன்" என்றால், நமக்குத் தேவை 1,100-க்குத்தான் எனில் 200-க்காக 400 கூடுதல் செலவு.

7. ஜீரோ பர்சென்ட் இ.எம்.ஐ.
வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொன்னது. கணக்கு போடுங்க: மிக்ஸி ரொக்கத்துக்கு 5,400 ரூபாய். தவணை என்றால் மாதம் 1,000 வீதம் 6 மாதம், அதோடு கட்டணம் 199. மொத்தம் 6,199. கூடுதல் 799 ரூபாய் வட்டிதானே! கையெழுத்துப் போடும் முன் மொத்தத்தைக் கேட்டு, நம் குழுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. நட்சத்திரக் குறி
"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பதன் அடையாளம். அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது நம் உரிமை.

பரிசுக் கூப்பன் விழுந்ததாக போனில் சொல்லி ஓ.டி.பி. கேட்டால் சொல்லவே சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, சொன்ன சலுகையைத் தராவிட்டாலோ பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

எந்த ஆஃபரா இருந்தாலும் மூணு கேள்வி கேட்போம்: மொத்தம் எவ்வளவு போகுது? அதுக்கு எத்தனை கிராம் வருது? ஆஃபர் இல்லேன்னா இதை வாங்கியிருப்போமா?

நாமும் மசாலாப் பொடி, ஊறுகாய் விற்கிறவங்கதான். நம் பாக்கெட்டிலும் விலை, எடை, தேதி தெளிவா இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு காலிப் பாக்கெட்டும் ஒரு பில்லும் கொண்டு வாருங்கள். எம்.ஆர்.பி., எடை, யூ.எஸ்.பி., தேதி நான்கையும் கண்டுபிடியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுங்கள்.