மேட்ரிக்ஸ்னா அணிதான் பாப்பா!

போன வாரம் சித்தி போன் பண்ணாங்க. "உன் தங்கச்சிக்குச் சென்னையில இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருச்சுடி. நீ போய் வந்தவ, அவளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு"ன்னாங்க. ரெண்டு வார்த்தையில முடியற சமாச்சாரமா இது? அதான் உட்கார்ந்து எழுதறேன். எழுதறது எங்க பாப்பாவுக்குத்தான். இந்த வருஷம் ஊரை விட்டுப் பெட்டி கட்டற மத்த தம்பி தங்கச்சிகளும் எட்டிப் பார்த்துக்கலாம்.

பாப்பா, மொதல்ல என் மானம் போன கதை. 2015ல அறந்தாங்கியில ராத்திரி பஸ் ஏறி வந்தவ நான். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கணக்குல 192. (எங்க காலத்துல 200க்கு.) அந்தத் தெம்புலதான் காலேஜ்ல போய் உட்கார்ந்தேன். மொத வகுப்பே கணக்கு. மேடம் போர்டுல 'மேட்ரிக்ஸ்'னு எழுதி, நாலஞ்சு வரி எண்களை அடைப்புக்குறிக்குள்ள போட்டு, "இதோட ரேங்க் என்ன?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ரேங்க் எல்லாம் அப்பா கையெழுத்துப் போடற கார்டுல இருக்கிறதுதான். பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணு விறுவிறுன்னு எழுதறா. நான் போர்டுல இருக்கறதை அப்படியே நோட்டுல காப்பி அடிச்சுக்கிட்டு, புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டினேன். ரெண்டு வாரம் ஆட்டினேன்.

ஒருநாள் ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்கா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, "இது அணிதானேடி? ப்ளஸ் டூ கணக்குப் புக்குல மொத பாடம். ரேங்க்னா அணியின் தரம்"னாங்க. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. டிடர்மினன்ட்னா அணிக்கோவை. இன்வர்ஸ்னா நேர்மாறு. அட்ஜாயின்ட்னா சேர்ப்பு அணி. எல்லாமே நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடற கணக்கு! ஆனா அதுக்குள்ள மொத இன்டர்னல் முடிஞ்சு, 100க்கு 22னு பேப்பர் கைக்கு வந்திருச்சு. மொத நாளே எழுந்து, "மேடம், இதுக்குத் தமிழ்ல என்ன?"ன்னு கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

அதனால உனக்கு நான் சொல்ற மொத டிப்ஸ், மொத மாசத்துக்குள்ளயே வெட்கத்தை விட்டுட்டுக் கேளு. மொத மாசம்னு ஏன் சொல்றேன்னா, அப்போ யாருக்கும் யாரையும் தெரியாது. என்ன கேட்டாலும் புதுப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க. நாலு மாசம் கழிச்சு "ரேங்க்னா என்ன?"ன்னு கேட்டா கேட்கிறவளுக்கே கூச்சமா இருக்கும். இங்கிலீஷ்லதான் கேட்கணும்னு நினைச்சே பாதிப் பேர் வாயை மூடிக்கிறாங்க. தமிழ்லயே கேளு. வகுப்புல முடியலையா, ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு கேளு. சிடுசிடுன்னு இருக்கிற சாருங்ககூடத் தேடி வர்ற பிள்ளையை விரட்டறது இல்ல. என் அனுபவத்துல, கேட்டவங்க பேரு அவங்களுக்கு ஞாபகமும் இருக்கும்.

ரெண்டாவது, இப்பவே, ஊர்ல இருக்கும்போதே செய்ய வேண்டியது. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு எடு. இடது பக்கம் நீ படிச்ச தமிழ்ச் சொல், வலது பக்கம் இங்கிலீஷ்ச் சொல். வகைக்கெழு - டெரிவேட்டிவ். தொகையிடல் - இன்டக்ரேஷன். குறுக்கீட்டு விளைவு - இன்டர்ஃபெரன்ஸ். விளிம்பு விளைவு - டிஃப்ராக்ஷன். இதுக்குன்னு டிக்ஷனரி எதுவும் வாங்க வேண்டாம். அரசுப் பாடநூல் ரெண்டு மீடியத்துலயும் இருக்கு, இணையத்துல இலவசமாவே இறக்கிக்கலாம். உன்கிட்ட இருக்கிற தமிழ்ப் புக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, செல்போன்ல இங்கிலீஷ் புக்கைத் திற. அதே பாடம், அதே படம், அதே கணக்கு. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூணுக்கும் பத்து நாள்ல முடிச்சிரலாம். பல்லாயிரம் கொடுத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் போறதை விட இந்த நோட்டு உனக்கு உடனே உதவும்.

பரீட்சையில எழுதறது இங்கிலீஷ்லதான். அதுக்குப் பயப்படாதே, அது கதை எழுதற இங்கிலீஷ் இல்ல. சின்னச் சின்ன வாக்கியம், படம், ஃபார்முலா, படிப்படியா கணக்கு. ரெண்டு மார்க் கேள்விகளைத் தினமும் அஞ்சு, கையால எழுதிப் பாரு. வாசிச்சா மண்டையில ஏறும், ஆனா கைக்கு வராது. 2022ல இருந்து மொத வருஷத்துல 'தமிழர் மரபு'ன்னு ஒரு பாடம் வச்சிருக்காங்க. தமிழ்தானேன்னு அதை அலட்சியமா விட்டுக் கோட்டை விட்டவங்களை எனக்குத் தெரியும்.

காலேஜ்ல அடிக்கடி 'ரெகுலேஷன்'னு ஒரு வார்த்தை காதுல விழும். பாடத்திட்டம், மார்க் கணக்கு, பாஸ் விதி எல்லாம் அடங்கினது அது. சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். நான் படிச்சது 2013 ரெகுலேஷன், இன்டர்னலுக்கு 20, செமஸ்டருக்கு 80. 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு அது 40, 60 ஆச்சு. எங்களுக்குப் பெரிய கேள்வின்னா 16 மார்க். அப்புறம் அது 13ம் 15ம் ஆச்சு. அதனால சீனியர் கொடுக்கிற நோட்ஸை வாங்கறதுக்கு முன்னாடி, "அக்கா, இது எந்த ரெகுலேஷன்?"னு கேட்டுக்கோ. மொத வாரமே உன் சிலபஸை எடுத்து அஞ்சு யூனிட்டையும் பிரின்ட் போட்டு நோட்டுல ஒட்டு. இன்டர்னல் 40ங்கறது சும்மா வர்ற மார்க்னு நினைக்காதே. முழுசா வாங்கினாலும், செமஸ்டர் பேப்பர்ல தனியா ஒரு குறைந்தபட்ச மார்க் எடுத்தாதான் பாஸ்.

அட்டென்டன்ஸ் 75 சதவீதம். 65க்கும் 75க்கும் நடுவுல இருந்தா மருத்துவச் சான்றிதழ், அபராதம்னு ஒரு வழி உண்டு. அதுக்குக் கீழே போனா பரீட்சையே எழுத முடியாது, அந்த செமஸ்டரை மறுபடி படிக்கணும். நூறு பீரியட்ல உன் கையிருப்பு 25தான்னு வச்சுக்கோ. அதை மொத மாசமே சினிமாவுக்குச் செலவழிச்சிட்டா, அப்புறம் நிஜமாவே டெங்கு வரும்போது கையில ஒண்ணும் இருக்காது. எனக்கு வந்துச்சு, அதான் சொல்றேன்.

இனி காசு விஷயம். இதுலயும் நான் சூடு பட்டவ. பள்ளிச் சான்றிதழ்ல என் இனிஷியல் பின்னால, ஆதார்ல முன்னால, பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே கிடையாது. ஸ்காலர்ஷிப் ஒரு வருஷம் வரவே இல்ல. ஆபீஸ்ல கேட்டா பேங்க்கைக் கேளுன்னாங்க, பேங்க்ல கேட்டா காலேஜைக் கேளுன்னாங்க. நீ இந்த வாரமே மூணையும் வரிசையா வச்சு, பேரு ஒண்ணுபோல இருக்கான்னு பாரு. பேங்க் கணக்கு ஆதாரோட இணைஞ்சிருக்கான்னும் கேட்டுக்கோ.

நீ ஆறாம் வகுப்புல இருந்து அரசுப் பள்ளிதானே? புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் உனக்கு வரணும். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப்புதல்வன் வந்திருச்சு, அதே தொகை. தானா வந்துடும்னு உட்கார்ந்திராதே. உன் காலேஜ்ல இதைப் பார்க்கிற ஆபீசர் யாருன்னு விசாரிச்சுப் பதிவு பண்ணு. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேர்ந்தவங்களுக்கு ட்யூஷன் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுது. அதுக்கு மேல யாராவது அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம்னு கேட்டா, "எதுக்கு சார்? ரசீது கொடுங்க"ன்னு அடக்கமா கேளு. வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரி சான்றிதழ், இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காலேஜ் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும்னு யூஜிசி 2018லயே சொல்லியிருக்கு. வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னா, வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணாவது கையில இருக்கணும். எல்லாத்துக்கும் அஞ்சு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கோ, காலேஜ் பக்கத்துக் கடையில கூட்டம் முட்டும்.

செல்போன்ல அஞ்சு நிமிஷத்துல கடன் தர்ற ஆப் பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்காதே. காசு இல்லைன்னா என்கிட்ட கேளு, திட்டிட்டுக் கொடுப்பேன்.

பெட்டியில என்ன வைக்கணும்னு சித்தி பெரிய பட்டியலே போட்டிருப்பாங்க. நான் சேர்க்கறது கொஞ்சம்தான்: நல்ல பூட்டு ஒண்ணு, கொடிக்கயிறு, துணி கிளிப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பருப்புப் பொடி. டிராஃப்டர், லேப் கோட்டெல்லாம் புதுசா வாங்காதே, சீனியர்கிட்ட பாதி விலைக்குக் கிடைக்கும். தண்ணி மாறும், கொஞ்ச நாள் முடி கொட்டும். அதுக்காக இருக்கிற எண்ணெயை எல்லாம் மாத்திப் பார்க்காதே.

சீனியர்ங்கள்ல நல்லவங்கதான் அதிகம். ஆனா பாட்டுப் பாடு, ரெக்கார்ட் எழுதிக் கொடுன்னு மிரட்டினா அது விளையாட்டு இல்ல, குற்றம். 1996ல ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் ராகிங்ல கொலையானதுக்கு அப்புறம், 1997லயே தமிழ்நாட்டுல தடைச் சட்டம் போட்டாங்க. 1800-180-5522, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க. போன்ல சேவ் பண்ணிக்கோ. பக்கத்து ரூம் பொண்ணுக்கும் கொடு.

அழுகை வரும். எனக்கு மூணாம் நாள் வந்துச்சு. மெஸ்ல ரசம் ஊத்தினாங்க, அதுல பூண்டு இல்ல. அவ்வளவுதான் காரணம். தட்டைக் கழுவற இடத்துல நின்னு அழுதுட்டிருந்தேன். பக்கத்துல இன்னொருத்தியும் அழுதுட்டிருந்தா, தர்மபுரிக்காரி. அவதான் இன்னைக்கு வரைக்கும் என் உயிர்த் தோழி. ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு ஓடி வராதே. மொத அஞ்சாறு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, சனி ஞாயிறுலதான் ஆள் பழக்கம் ஆகும்.

அரியர் விழுந்தா வீட்டுல மறைக்காதே. நான் மறைச்சேன். கணக்குல விழுந்த கப்பை அப்பாகிட்ட சொல்லாம, பரீட்சைக் கட்டணத்துக்குப் பொய் சொல்லிக் காசு வாங்கினேன். அடுத்த செமஸ்டர்ல எழுதிப் பாஸ் பண்ணின அன்னைக்குத்தான் சொன்னேன். அப்பா, "எனக்கு அப்பவே தெரியும், நீ போன்ல பேசின தினுசுல"ன்னார்.

காதல் கீதல் பத்திச் சித்தி சொல்லச் சொன்னாங்க. அதை நேர்ல பேசிக்கலாம், பத்திரிகையில எதுக்கு.

பஸ் இப்போ கோயம்பேடு வராது, கிளாம்பாக்கத்துல இறங்கணும். சித்தப்பா பழைய ஞாபகத்துல கோயம்பேடுன்னுதான் சொல்லுவார். விடியக்காலை நாலரைக்கு நான் அங்க நிப்பேன். பருப்புப் பொடியோட, சித்தி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் எனக்கும் ஒரு பாட்டில் எடுத்துட்டு வா. மூடியில பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டு, போன தடவை என் பை முழுக்கக் கொட்டிருச்சு.